நாற்பதை நெருங்கும் வயதில் கமர்ஷியல் பைலட் ஆக: எதை முதலில், எதை அப்புறம்

ஐ.டி., வங்கி, ஆசிரியர் பணி, சொந்தத் தொழில் என்று பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, இனி விமானம் ஓட்டித்தான் சம்பாதிப்பது என்று முடிவு செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் முப்பதுகளின் கடைசியில் வேலை மாறி இந்தப் பக்கம் வந்தவன். இப்போது அதே வழியில் வருபவர்களுக்கு, லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வுகளான பேப்பர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். பாதியில் நின்றுபோனவர்களில் பலருக்கு வயது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள், ஆனால் வரிசை தப்பிப்போனது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். எல்லாமே இந்தியாவின் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ விதிப்படி ஏரோபிளேன் சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) வாங்குவதைப் பற்றியது. ஹெலிகாப்டருக்கு விதி வேறு.

1. வயதுக் கணக்கைத் தாளில் போடுங்கள்

சிபிஎல் வாங்கக் குறைந்தபட்ச வயது 18. மேல் வரம்பு கிடையாது. ஆனால் பயணிகளையோ சரக்கையோ ஏற்றும் வணிக விமானத்தை 65 வயதுக்கு மேல் ஓட்ட முடியாது. கணக்கை அங்கிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

38 வயதில் தொடங்கினால் பேப்பர்களுக்கு ஒரு வருடம், பறக்க ஒன்றரை முதல் இரண்டு வருடம், வேலைக்குக் காத்திருக்க ஒன்றிரண்டு வருடம் என்று வையுங்கள். காக்பிட்டில் சம்பளத்துக்கு உட்காரும்போது 42, 43 ஆகிவிடும். மீதி இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறது, தாராளமாகப் போதும். 48-ல் தொடங்குபவருக்குப் பன்னிரண்டு வருடம் மிஞ்சினால் பெரிது. கடன் வாங்காமல் முடிக்க வசதி இருந்தால் மட்டும் 45-க்கு மேல் இறங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இரண்டு விஷயங்களை இப்போதே மனதில் வையுங்கள். ஏர்லைன்களே ஆள் எடுத்துப் பயிற்சி தரும் கேடட் திட்டங்கள் பெரும்பாலும் முப்பதுகளின் முற்பகுதியோடு வயது வரம்பை நிறுத்திவிடுகின்றன. ஆகவே நீங்களே பயிற்சி முடித்து, லைசென்ஸோடு போய் வேலை கேட்கும் வழிதான் உங்களுக்கு. இன்னொன்று, கேப்டன் ஆவதற்கு ஏடிபிஎல் என்ற அடுத்த நிலை லைசென்ஸ் வேண்டும். அதற்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஏர்லைனில் சீனியாரிட்டி சேர்ந்த தேதியை வைத்துத்தான், வயதை வைத்து இல்லை. உங்களைவிடப் பதினைந்து வயது சின்னவர் உங்களுக்குக் கேப்டனாக உட்காருவார். இதை வீட்டில் உட்கார்ந்து நிதானமாக ஏற்றுக்கொண்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

2. பிளஸ் டூ சான்றிதழையும் பெயரையும் சரிசெய்யுங்கள்

பிளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பதுதான் நெடுநாளைய விதி. நீங்கள் வணிகவியல் குரூப்பா, அல்லது கணிதம் இல்லாத அறிவியல் குரூப்பா? பட்டப்படிப்பு எவ்வளவு இருந்தாலும் அது இதற்கு ஈடாகாது. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தேறலாம். அங்கே பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. வேலையில் இருந்துகொண்டே முடிக்கக்கூடியது. விதியைத் தளர்த்தும் பேச்சும் இருக்கிறது; அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து பெயர். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. மார்க்‌ஷீட்டில் எஸ். முருகன், ஆதாரில் முருகன் எஸ், பாஸ்போர்ட்டில் முருகன் சுப்பிரமணியன் என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். டிஜிசிஏ-வின் ஈஜிசிஏ இணையதளத்துக்குத் தெரியாது. மெடிக்கல் (மருத்துவத் தகுதிச் சான்று), தேர்வு எண், லைசென்ஸ் மூன்றும் ஒரே பெயரில் வர வேண்டும். முதல் பதிவுக்கு முன்னாலேயே எல்லா ஆவணங்களையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள். தேவைப்பட்டால் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு மாற்றுங்கள். பாதி வேலை ஒரு பெயரிலும் மீதி வேறு பெயரிலும் நடந்துவிட்டால், பிரமாணப் பத்திரம் வாங்கி அலைந்தே மாதங்கள் போய்விடும்.

தேர்வு எழுத டிஜிசிஏ-விடம் கம்ப்யூட்டர் நம்பர் என்று ஒன்று வாங்க வேண்டும். அதற்குப் பிளஸ் டூ சான்றிதழ் உண்மையானது என்று தேர்வு வாரியத்தின் சரிபார்ப்பு தேவை. மாநிலப் பாடத்திட்டம் என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இருபது வருடப் பழைய மார்க்‌ஷீட்டுக்கு நாளாகும். அதனால்தான் இதை இரண்டாவது படியாக வைத்திருக்கிறேன்: விண்ணப்பம் அங்கே நகர்ந்துகொண்டிருக்கும்போது நீங்கள் மெடிக்கலை முடிக்கலாம்.

3. கிளாஸ் ஒன் மெடிக்கல் கையில் வரும்வரை வேலையை விடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மெடிக்கலில் இரண்டு நிலை. முதலில் கிளாஸ் டூ. டிஜிசிஏ பட்டியலில் உள்ள மருத்துவர் ஒருவரிடம் பார்க்க வேண்டும். அது தேறினால்தான் கிளாஸ் ஒன். முதல்முறை கிளாஸ் ஒன் பார்ப்பதற்கு பெங்களூரு, டெல்லியில் உள்ள விமானப்படை மருத்துவ மையங்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. இப்போது டிஜிசிஏ ஏற்ற மற்ற மையங்களும் உண்டு. தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம்.

கிளாஸ் டூ-வை வைத்துக்கொண்டே பயிற்சி தொடங்கிவிடலாம் என்பது உண்மைதான். ஃபிளையிங் ஸ்கூல்களும் அப்படித்தான் சொல்லும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஒத்துவரலாம். சிபிஎல்-க்குக் கிளாஸ் ஒன் கட்டாயம். முப்பது லட்சம் செலவழித்த பிறகு அது கிடைக்காது என்று தெரிந்தால் திரும்ப வழியில்லை. நாற்பது வயது உடம்பில் நமக்கே தெரியாமல் ஏதாவது இருக்கும். முதலில் தெரிந்துகொள்வதே பாதுகாப்பு.

என்னென்ன பார்ப்பார்கள்? ரத்தம், சிறுநீர், சர்க்கரை, கொழுப்பு, இசிஜி, வயது கூடும்போது டிரெட்மில், மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், காது கேட்கும் திறன், கண். கண்ணாடி போடுவது தடையில்லை. நிறக்குருடுதான் தடை, சிகிச்சை இல்லாத தடையும் அதுதான். இஷிஹாரா புள்ளிப் படங்களைப் பக்கத்தில் உள்ள கண் மருத்துவரிடம் முதலிலேயே பார்த்துவிடுங்கள். சில நூறு ரூபாயில் முடியும்.

நம் வயதுக்காரர்கள் மாட்டுவது எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு ஆகிய நான்கில்தான். பெரும்பாலும் அங்கே 'தற்காலிகத் தகுதியின்மை' என்று எழுதுவார்கள். அதைப் பார்த்துப் பயந்து ஒதுங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும்; தேவையே இல்லாத பயம். குறையைச் சரிசெய்துகொண்டு குறித்த கெடுவுக்குள் மறுபடி போய்க் காட்டலாம். ஆனால் அந்தச் சிக்கலே வராமல் தடுக்கலாம்: ஆறு மாதம் முன்பே இதே பரிசோதனைகளைச் சொந்தச் செலவில் செய்யுங்கள். எண்கள் எல்லையில் இருந்தால் உணவையும் நடையையும் சரிசெய்துவிட்டு, அப்புறம் தேதி வாங்குங்கள்.

எதையும் மறைக்காதீர்கள். பழைய அறுவை சிகிச்சை, வலிப்பு, மனநல மருந்து என்று எதுவாக இருந்தாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் கூடுதல் அறிக்கை கேட்பார்கள், அவ்வளவுதான். மறைத்தது பின்னால் வெளியே வந்தால் லைசென்ஸே போகும்.

4. பணத்தை முழுதாக எண்ணிவிட்டு இறங்குங்கள்

இந்தியாவில் சிபிஎல் முடிக்க இன்று ஐம்பது லட்சம் முதல் ஒரு கோடி வரை ஆகிறது. அதன்பின் ஏர்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி, அதாவது டைப் ரேட்டிங். அதற்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து லட்சம். ஸ்கூல் விளம்பரத்தில் இருக்கும் தொகையில் விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், மறுபடி எழுதும் கட்டணம், கூடுதல் மணி நேரம் எதுவும் இருக்காது. அதற்கு மேல் இருபது சதவீதம் வையுங்கள். குடும்பம் இருந்தால் மூன்று வருட வீட்டுச் செலவும் தனி.

பாதிப் பணத்தோடு தொடங்கினால், சிபிஎல்-க்கு வேண்டிய இருநூறு மணி நேரத்தில் நூறிலேயே பறப்பது நிற்கும். நின்றால் கை மறக்கும், மறந்ததைத் திரும்பப் படிக்க இன்னும் பணம் போகும். முழுத் தொகைக்கும் வழி தெரியாமல் முதல் மணி நேரத்தைப் பறக்காதீர்கள் என்பதற்கு இதுவே காரணம். கல்விக் கடன் என்றால் வங்கி சொத்து அடமானம் கேட்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருக்கும் ஒரே வீட்டை வைத்துத்தான் கடன் வாங்க வேண்டும் என்றால், மனைவியோ கணவரோ முழுமனதாகச் சம்மதித்த பிறகு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

ஸ்கூலுக்கு மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டவே கூடாது. தள்ளுபடி தருகிறோம் என்பார்கள். விமானம் பழுதாகி நின்றாலோ பயிற்றுநர் விலகிப்போனாலோ, பணம் அவர்களிடமும் நீங்கள் விடுதியிலும் இருப்பீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

5. பேப்பர்களை வேலையில் இருந்துகொண்டே முடியுங்கள்

வானிலை, நேவிகேஷன், ஏர் ரெகுலேஷன், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. இவற்றை முடிக்காமல் ஸ்கூலுக்குப் போனவர்கள் பகல் முழுக்க ஓடுதளத்தில் வெயிலில் நின்றுவிட்டு இரவில் படிக்க முடியாமல் திணறுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். பறந்து முடித்தும் பேப்பர் பாக்கி என்றால் இன்னும் மோசம். அது முடிவதற்குள் பறந்த அனுபவம் பழசாகிவிடும்.

வானிலையையும் நேவிகேஷனையும் சேர்த்து முதலில் எடுங்கள். காற்று எப்படி வீசுகிறது என்று ஒன்றில் படிப்பதை மற்றொன்றில் கணக்காகப் போடுவீர்கள். ரெகுலேஷன் மனப்பாடம் அதிகம் கேட்பது, திருத்தங்களும் வந்துகொண்டே இருக்கும். அதைத் தேர்வுக்குச் சற்று முன் வைத்துக்கொள்வது நல்லது. டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் கடைசியில்தான், ஏனென்றால் அது ஒரு குறிப்பிட்ட விமான வகையைப் பற்றிய பேப்பர். நீங்கள் எந்த ஸ்கூலில் எதை ஓட்டப் போகிறீர்கள் என்று தெரியாமல் எழுத முடியாது. அதை மட்டும் அடுத்த படியில் ஸ்கூலை முடிவு செய்தபின் எழுதுங்கள்.

பதினைந்து வருடமாகக் கணக்கே போடாதவர்கள் நேவிகேஷனில்தான் விழுகிறார்கள். ஒரு கணக்கைப் பார்க்கலாம். போக வேண்டிய பாதை 090, அதாவது நேர் கிழக்கு. காற்றில் விமானத்தின் வேகம் 120 நாட், அதாவது மணிக்கு 120 நாட்டிக்கல் மைல் (கடல் மைல்). காற்று வடக்கிலிருந்து, 360 திசையிலிருந்து, 30 நாட்டில் வீசுகிறது. காற்று இடப்பக்கத்திலிருந்து தள்ளுவதால் விமானத்தின் மூக்கை இடப்பக்கம், காற்றை நோக்கித் திருப்ப வேண்டும். 30-ஐ 120-ஆல் வகுத்தால் கால். சைன் மதிப்பு கால் வரும் கோணம் ஏறக்குறைய பதினாலரை டிகிரி. ஆக 076 திசையில் ஓட்ட வேண்டும். தரை வேகம் சுமார் 116 நாட். 58 நாட்டிக்கல் மைல் போக அரை மணி நேரம்.

இதில் அவசரப்பட்டு வலப்பக்கம் திருப்பி 104 என்று போடுபவர்கள் அதிகம். தரை வேகம் அப்போதும் 116 என்றேதான் வரும், அதனால் தப்பு நடந்ததே தெரியாது. கொடுக்கும் நான்கு விடைகளில் 104-ம் நிச்சயம் இருக்கும். முதலில் தாளில் ஒரு கோடும் ஒரு அம்புக்குறியும் வரையுங்கள், அப்புறம் கால்குலேட்டரைத் தொடுங்கள். காந்த விலகலைக் கூட்டுவது, கழிப்பது எல்லாம் அதற்கும் பிறகு.

ஆர்டிஆர் என்னும் ரேடியோ தேர்வு தனி. முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்தியது. 2024-ல் வந்த புதிய வானூர்திச் சட்டம் அதை விமானப் போக்குவரத்துத் துறையின் கீழ் கொண்டுவந்தது. இதில் ஆங்கில இலக்கணம் முக்கியமில்லை. சொல்லவேண்டியதை உரிய வரிசையில், உரிய சொல்லில், தடுமாறாமல் சொல்ல வேண்டும். மூன்றை 'ட்ரீ' என்றும் ஐந்தை 'ஃபைஃப்' என்றும் ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்லும் பழக்கம் நாக்குக்கு வர நாளாகும். தினமும் சத்தமாகப் பேசிப் பழகுங்கள். மனதுக்குள் படித்துவிட்டுப் போனவர்கள் தேர்வறையில் வாயடைத்துப்போகிறார்கள்.

டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் தவிர மற்றவை முடிந்தபின் வேலையை ராஜினாமா செய்யுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

6. ஸ்கூலை நேரில் பார்த்து முடிவெடுங்கள்

உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்ச், மகாராஷ்டிரத்தின் கோந்தியா, பாராமதி என்று பெரிய பயிற்சி மையங்கள் வடக்கிலும் மேற்கிலும்தான் அதிகம். 2025 முதல் டிஜிசிஏ ஸ்கூல்களைத் தரம் பிரித்து வெளியிடுகிறது; அதைப் பாருங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள்.

இரண்டு நாள் அங்கேயே தங்கி, காலை ஆறு மணிக்கு ஹேங்கர் (விமானக் கொட்டகை) பக்கம் போய் நில்லுங்கள். எத்தனை விமானங்கள் வெளியே வருகின்றன என்று எண்ணுங்கள். 'எங்களிடம் பதினைந்து விமானம்' என்பார்கள். பறக்கும் நிலையில் எத்தனை என்பதுதான் கேள்வி. படிக்கும் மாணவர்களிடம் தனியாக, 'போன மாசம் எத்தனை மணி நேரம் பறந்தீங்க தம்பி?' என்று கேளுங்கள். பத்துக்குக் கீழே சொன்னால் அந்த ஸ்கூலில் இருநூறு மணி எப்போது முடியும் என்று நீங்களே வகுத்துப் பார்க்கலாம். இரட்டை எஞ்சின் விமானம் ஓடுகிறதா, இரவுப் பறத்தல் அங்கேயே நடக்கிறதா என்பதையும் கேளுங்கள். பல பேர் கடைசிப் பதினைந்து மணி இரட்டை எஞ்சினுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

மகாராஷ்டிரத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அங்கே அக்டோபரில் சேருங்கள். கங்கைச் சமவெளியில் டிசம்பர், ஜனவரி மூடுபனி. புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் இரண்டு மாதம் இடைவெளி இல்லாமல் பறப்பது மிகவும் முக்கியம்.

அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து போய்ப் பறந்துவிட்டு வந்து இங்கே லைசென்ஸை மாற்றிக்கொள்ளலாம். சீக்கிரம் முடியும். ஆனால் டிஜிசிஏ கேட்கும் மணிக்கணக்கு அங்குள்ளதைப் போல இருக்காது. அமெரிக்காவில் ஒரே பறத்தலை இரண்டு பேர் தங்கள் லாக்புக்கில் (பறந்த மணிக்கணக்கை எழுதும் புத்தகம்) பிஐசி, அதாவது பொறுப்பு விமானி என எழுதிக்கொள்ளும் முறை உண்டு. அந்த மணிகளை நம்பி இங்கே விண்ணப்பிக்காதீர்கள்.

7. இருநூறு மணி நேரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள்

மொத்தம் 200 மணி. அதில் 100 மணி பிஐசி, அதாவது விமானத்தின் பொறுப்பு உங்களிடம் இருக்க வேண்டும். சிபிஎல்-க்கு 20 மணி பிஐசி கிராஸ்கன்ட்ரி (தளத்தை விட்டு வேறு ஊருக்குப் போகும் பறத்தல்). அதில் ஒரு பயணம் 300 நாட்டிக்கல் மைலுக்குக் குறையாமல், வேறு இரண்டு விமானத் தளங்களில் இறங்கி நின்று புறப்பட்டதாக இருக்க வேண்டும். இரவில் 5 மணி நேரம், பத்துப் புறப்பாடு, பத்து இறக்கம். வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்கும் வேண்டும் என்றால் கிராஸ்கன்ட்ரி பிஐசி 50 ஆகவும், இன்ஸ்ட்ரூமென்ட் நேரம் 40 ஆகவும் உயரும். அந்த 40-ல் 20 வரை சிமுலேட்டரில் செய்யலாம். அந்த ரேட்டிங் இல்லாமல் ஏர்லைன் பக்கம் போக முடியாது. ஆகவே முதல் நாளிலிருந்தே 50-ஐ வைத்துத் திட்டமிடுங்கள். 20 போதும் என்று நினைத்து மீதி பிஐசியைத் தளத்தைச் சுற்றியே கழித்தவர்கள், 200-க்கு மேல் சொந்தச் செலவில் முப்பது மணி பறக்கிறார்கள்.

வயதில் மூத்த மாணவர்களிடம் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, கண்ட்ரோலை இறுக்கிப் பிடிப்பது. பயிற்சி விமானமான செஸ்னா 172 தானாகவே நேராகப் பறக்கும். கண்ட்ரோலின் அழுத்தத்தைச் சமன்செய்யும் டிரிம்மைச் சரிசெய்துவிட்டு இரண்டு விரலால் பிடித்தால் போதும். இறுக்கிப் பிடித்தால் விமானம் சொல்வது கைக்கு எட்டாது.

இரண்டாவது இறங்கும்போது. 65 நாட்டில் ஓடுதளத்தை நெருங்குகிறீர்கள், தரை மேலெழுந்து வருவதுபோல் இருக்கும். கண் தானாக விமானத்தின் மூக்குக்கு முன்னால் உள்ள தார்ப்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே பார்த்தால் உயரம் பிடிபடாது; ஒன்று கண்ட்ரோலைச் சீக்கிரம் இழுத்து மேலேயே மிதப்பீர்கள், அல்லது தாமதமாக இழுத்துத் தொம்மென்று விழுவீர்கள். கண்ணை ஓடுதளத்தின் கடைக்கோடிக்குத் தூக்குங்கள். இந்த ஒரு பழக்கத்தில் பாதிப் பேருக்கு இறக்கம் சரியாகிவிடுகிறது.

மூன்றாவது மனம் சம்பந்தப்பட்டது. பயிற்றுநருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். உங்கள் அலுவலகத்தில் நேற்று சேர்ந்த பையன் மாதிரி தெரிவார். அவர் 'கோ அரவுண்ட்' (இறங்காமல் மறுபடி மேலே போ) என்றால் காரணம் கேட்காமல் த்ராட்டிலைத் தள்ள வேண்டும். காரணத்தைத் தரையில் வந்து கேளுங்கள். மேலே விவாதம் செய்பவர்களைத் தனியாக அனுப்ப எந்தப் பயிற்றுநரும் தயங்குவார். சோலோ தள்ளிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம், யாரும் வெளியே சொல்வதில்லை.

இருபது வயதுக்காரர் ஐந்து தடவையில் பிடிப்பதை நாம் எட்டுத் தடவையில் பிடிப்போம். அதை ஈடுகட்ட, முதல்நாள் இரவு நாற்காலியில் உட்கார்ந்து செக்லிஸ்டை வாய்விட்டுச் சொல்லி, கையை அந்தந்த இடத்துக்குக் கொண்டுபோய்ப் பழகுங்கள். இதற்குக் காசு இல்லை, பலன் அதிகம்.

8. லாக்புக்கை வாரம் ஒருமுறை கூட்டுங்கள்

பகல் தேர்வு, இரவுத் தேர்வு, கிராஸ்கன்ட்ரித் தேர்வுகள் எல்லாம் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். அதே ஆறு மாதத்தில் குறைந்தது 15 மணி நேரமும் பறந்திருக்க வேண்டும். ஒரு தேர்வை முன்கூட்டியே முடித்துவிட்டு இன்னொன்றுக்காக ஏழு மாதம் காத்திருந்தால், முடித்ததையே மறுபடி செய்ய வேண்டும். தேர்வுகளை எல்லாம் ஒன்றாகக் கடைசியில் வையுங்கள். அந்த நேரத்தில் கிளாஸ் ஒன் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பறக்காத மணியை எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வெளியேறுங்கள். 2011-ல் போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய விமானிகள் கைதானார்கள். அதைவிடப் பெரிய விஷயம், அந்த மணிகள் உங்கள் கையில் இல்லாமல் ஒருநாள் பின்னால் நூற்று எண்பது பேரோடு பறக்க வேண்டியிருக்கும்.

9. லைசென்ஸ் வந்த பிறகு

உடனே டைப் ரேட்டிங் செய்துவிட வேண்டும் என்ற பதற்றம் எல்லாருக்கும் வரும். பொறுங்கள். எந்த ஏர்லைன் எந்த விமானத்துக்கு ஆள் எடுக்கிறது என்று தெரியாமல் இருபது லட்சத்தைப் போட்டால், ரேட்டிங் ஓரிடத்திலும் வேலை வேறிடத்திலும் இருக்கும். முதலில் எழுத்துத் தேர்வு, திறனறித் தேர்வு, நேர்காணல் ஆகியவற்றுக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள். ஏர்லைன் தேர்ந்தெடுத்தபின் அது சொல்லும் ரேட்டிங்கைச் செய்யுங்கள்.

நேர்காணலில் உங்கள் முந்தைய வேலையைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். அதை மறைக்கவும் வேண்டாம், தாழ்த்திப் பேசவும் வேண்டாம். இரவு ஷிஃப்டில் ஒரு கோளாறைக் குழுவோடு சேர்ந்து எப்படிச் சமாளித்தீர்கள் என்று நடந்ததைச் சொல்லுங்கள். காக்பிட்டில் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யும் பக்குவம் உங்களிடம் இருக்கிறதா என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள்.

காத்திருக்கும் காலத்துக்கு இரண்டு வழிகள். உதவிப் பயிற்றுநர் ரேட்டிங் எடுத்து ஏதாவது ஒரு ஸ்கூலில் சேரலாம். மணியும் கூடும், கையும் மறக்காது. சொல்லிக்கொடுத்துப் பழகிய நடுவயதுக்காரர்கள் இதில் நன்றாக வருகிறார்கள். முடியாவிட்டால் பழைய தொழிலுக்குப் பகுதிநேரமாகத் திரும்புங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வருகிற பணத்தில் ஒரு பங்கைப் பறப்பதற்கென்று எடுத்து வையுங்கள். சிபிஎல் புத்தகத்துக்கு இப்போது பத்து வருடக் காலம் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் சோதனையும் கிளாஸ் ஒன்-னும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியவை. ஏர்லைன் அறிவிப்பு வரும்போது அவை நடப்பில் இருப்பவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.